ஓர் இதழின் எடை என்ன?



திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து, துறையூர்ச் சாலையில் வடக்கு நோக்கி வருவோர்க்கு மண்ணச்சநல்லூர் கண்ணிற்படும் முன்பே மூக்கிற்பட்டுவிடும். அவித்த நெல்லின் மணம் அது. அரிசி ஆலைகள் நிறைந்த இவ்வூரில் பிறந்து, ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். அளவை என்பதைப் பற்றி நான் கற்ற முதற் பாடம் பள்ளியில் கற்றதன்று, நெற்களத்தில் கற்றது. என் சிறு வயதில் மரக்காலால் நெல் அளக்கும்போது, தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதை முன்னரே பேசி முடித்துக்கொள்வார்கள். பேசாமல் அளந்தால் பூசல்தான். இன்று நெல் எடைக்கு விற்கப்படுகிறது. எனினும் ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று கேளாமல் எந்த வணிகரும் எடையை ஒப்புக்கொள்வதில்லை.

நெல்லுக்கு இத்துணை எச்சரிக்கை காட்டும் நாம், அறிவை அளக்கும்போது அதிற் பாதியேனும் காட்டுகிறோமா? இக்கேள்வி எனக்கு எழக் காரணமாயிருந்தவள் என் பழைய மாணவி ஒருத்தி.

அவள் இப்போது ஒரு கல்லூரியில் பொருளாதாரத் துறையில் உதவிப் பேராசிரியர். சென்ற ஆண்டு ஒரு மாலை நேரத்தில் கட்டுக்கட்டாகக் காகிதங்களைச் சுமந்துகொண்டு என் வீட்டிற்கு வந்தாள். அரிசி ஆலைக் களங்களில் நெல் உலர்த்தும் பெண்களைப் பற்றி அவள் மூன்றாண்டுகளாகத் திரட்டிய செய்திகள் அவை.

“ஐயா, இதனை இத்துடன் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்” என்றாள்.

“ஏன் அம்மா, என்ன நேர்ந்தது?”

“இதை எழுதினால் எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று இருந்தேன். ஆனால் வெளிநாட்டுப் பேரிதழ்களின் தாக்கக் காரணியோடு வைத்துப் பார்த்தால் அதன் எண் சிறியது. என் பதவி உயர்வுக்கு எண்தான் கணக்கு. பெரிய எண் உடைய இதழ்களோ மண்ணச்சநல்லூரைக் கேட்கப் போவதில்லை. எவரும் மேற்கோள் காட்டாத கட்டுரையை எழுதி என்ன பயன், ஐயா?”

அவளுக்கு உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. தாக்கக் காரணி என்றால் என்ன என்பதே எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆதலின் சில வாரங்கள் திருச்சி நூலகத்திற்குச் சென்று படித்தேன். அவ்வாறு அறிந்ததையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன்னர் எழுதியவர்களின் கட்டுரைகளை அடிக்குறிப்பிலோ இறுதிப் பட்டியலிலோ குறிப்பிடுகிறார். இதுவே மேற்கோள். கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவன் பெயரை எழுதி வைப்பது போன்ற ஒழுக்கம் இது. இக்குறிப்புகளை ஊரூராகத் திரட்டி எண்ணினால், எவருடைய எழுத்து எவ்வளவு பேருக்குப் பயன்பட்டது என்பது தெரியவரும் அல்லவா? அமெரிக்க வழக்கறிஞர்கள் இதனை 1873ஆம் ஆண்டு முதலே செய்துவந்தனர். ஒரு பழைய தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகளில் எவை எடுத்தாண்டன என்று காட்டும் அட்டவணை அவர்களிடம் இருந்தது.

1927இல் கலிபோர்னியாவிலுள்ள ஒரு சிறு கல்லூரியைச் சேர்ந்த கிராஸ் என்னும் பெயருடைய இருவர், வேறொரு தேவைக்காக இந்த எண்ணிக்கையில் இறங்கினர். கல்லூரி நூலகத்தில் பணம் குறைவு. வேதியியல் இதழ்களோ பல. எவற்றை வாங்குவது? ஒரு முதன்மையான இதழின் ஓராண்டுத் தொகுதியை எடுத்து, அதன் அடிக்குறிப்புகளில் எந்தெந்த இதழ்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினர். இந்தக் கலையின் பிறப்பை இவ்விடத்தில் நன்றாக மனத்திற் கொள்ளுங்கள். பிறந்தபோது அது ஓர் ஏழை நூலகனின் கைக்கோல். மனிதரை நிறுக்கும் தராசாக அதனை எவரும் அன்று எண்ணவில்லை.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் முளைக்காமல் இல்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். நூலகப் பணிகளைப் புள்ளியியல் முறையால் அளக்க வேண்டும் என்று 1948இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் எடுத்துரைத்தார். கணக்கு வாத்தியார் ஒருவரின் கையில் நூலகத்தைக் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும் என்று, நானும் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்ற உரிமையில் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

யூஜின் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர் 1955இல், வழக்கறிஞர்களின் அட்டவணையைப் போல அறிவியலுக்கும் ஒன்று வேண்டும் என்று எழுதினார். 1960களில் அதனைச் செய்தும் காட்டினார். எந்த இதழ்களை அட்டவணையிற் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அவ்வாறு பிறந்ததே தாக்கக் காரணி. 1973இல் சமூக அறிவியல்களுக்கும் தனி அட்டவணை வந்தது. 1975 முதல் இதழ்களின் எண்கள் ஆண்டறிக்கையாக வெளிவரலாயின.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கரும்பலகை இல்லாக் குறையை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓர் இதழ் 2023, 2024 ஆகிய ஈராண்டுகளில் 200 ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டது என்று கொள்ளுங்கள். அவ்வீராண்டு இதழ்களில் வந்தவற்றை, 2025ஆம் ஆண்டில் வெளியான பிற கட்டுரைகள் 180 முறை மேற்கோள் காட்டின. 180ஐ 200ஆல் வகுத்தால் 0.9. இதுவே அவ்விதழின் 2025ஆம் ஆண்டுத் தாக்கக் காரணி. எண்கள் விளக்கத்திற்காக நான் கற்பித்துக்கொண்டவை, முறை உண்மையானது. ஆறாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய வகுத்தல்!

ஆறாம் வகுப்பு மாணவனுக்கு நாம் சொல்லித் தருவது இன்னொன்றும் உண்டு. ஒரு பின்னத்தைக் கண்டால் தொகுதி எது, பகுதி எது என்று முதலில் கேள். இங்கே மேலே உள்ள தொகுதியில், இதழில் வந்த தலையங்கம், கடிதம், குறிப்பு எதனை மேற்கோள் காட்டியிருந்தாலும் அது சேர்ந்துவிடும். கீழே உள்ள பகுதியிலோ ஆய்வுக் கட்டுரைகளும் ஒரு துறையின் வளர்ச்சியைத் தொகுத்துரைக்கும் கட்டுரைகளும் மட்டுமே எண்ணப்படும். மேலே குவித்து அளக்கிறார்கள். கீழே தலைதட்டி அளக்கிறார்கள்.

நாம் எடுத்துக்கொண்ட வார இதழுக்கு இது பெருஞ்சிக்கல். அதில் நீண்ட ஆய்வுக் கட்டுரைகள் உண்டு; நாட்டு நடப்பைப் பற்றிய கருத்துரைகள், நூல் மதிப்புரைகள், விவாதங்கள், தலையங்கங்கள், வாசகர் கடிதங்கள் ஆகியவையும் உண்டு. வாரந்தோறும் வருவதால் எண்ணிக்கையும் மிகுதி. ஈராண்டில் 200 ஆய்வுக் கட்டுரைகளும் 600 கருத்துரைகளும் வந்தன, மேற்கோள்கள் 480 என்று மீண்டும் ஒரு கற்பனைக் கணக்குப் போடுங்கள். கருத்துரைகளையும் கட்டுரை என்று கொண்டால் 480ஐ 800ஆல் வகுக்க வேண்டும்; விடை 0.6. கொள்ளாவிட்டால் 200ஆல் வகுக்க வேண்டும், விடை 2.4. இதழ் மாறவில்லை, எழுதியவர் மாறவில்லை, படித்தவர் மாறவில்லை. பகுதியில் எதைச் சேர்ப்பது என்று ஒரு குமாஸ்தா எடுத்த முடிவு எண்ணை நான்கு மடங்கு ஆக்கிவிட்டது.

பகுதி என்றதும் என் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. அதனைச் சொல்லாமற் போவது நேர்மையாகாது. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் தேர்ச்சி விழுக்காட்டை நூறாக்க வேண்டும் என்னும் வேட்கை எல்லோரையும் பற்றியிருந்தது, என்னையும் பற்றியது. தேறியவர் எண்ணிக்கை தொகுதி. எழுதியவர் எண்ணிக்கை பகுதி. தொகுதியை உயர்த்த உழைப்பு வேண்டும். பகுதியைக் குறைக்க ஒரு நல்ல வார்த்தை போதும். கணக்கில் பின்தங்கிய மாணவன் ஒருவனின் தந்தையை அழைத்து, “பையனை இவ்வாண்டு நிறுத்திக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு தனித்தேர்வராக எழுதட்டும்” என்று இனிமையாகச் சொன்னேன். அவர் களத்தில் மூட்டை சுமப்பவர். ஆசிரியர் சொல்லை மறுத்தறியாதவர். “நீங்கள் சொன்னால் சரிதான் ஐயா” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எங்களுக்கு நூறு விழுக்காடு கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. அவன் தனித்தேர்வு எழுதவேயில்லை.

இதழ்களின் எண் உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையனின் நினைவு வருகிறது. பகுதியிலிருந்து எவர் விடுபட்டார் என்பதை அந்த எண் ஒருபோதும் சொல்வதில்லை.

இனி அந்த வார இதழின் வரலாற்றுக்கு வருவோம். சச்சின் சௌத்ரி என்பவர் 1949ஆம் ஆண்டு பம்பாயில் ‘எகனாமிக் வீக்லி’ என்னும் பெயரில் இதனைத் தொடங்கினார். 1965ஆம் ஆண்டின் இறுதியில் அது நின்றது. 1966 ஆகஸ்டில் ‘எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி’ என்ற புதுப்பெயருடன் மீண்டும் எழுந்தது. பொருளாதாரத்தோடு அரசியலும் பெயரிற் சேர்ந்தது அப்போதுதான். 1969 முதல் 2004இல் மறையும் வரை கிருஷ்ணராஜ் அதன் ஆசிரியராக இருந்தார். செய்தித்தாளின் விரைவும் ஆய்விதழின் ஆழமும் ஒரே அட்டைக்குள் அமைந்த இத்தகைய இதழ் உலகில் அரிது. அதனாலேயே ஆய்விதழுக்கென்று செய்த மரக்காலுக்குள் அது அடங்குவதில்லை.

1950களின் தொடக்கத்தில் இவ்விதழ் இந்தியச் சிற்றூர்களைப் பற்றி ஒரு கட்டுரை வரிசையை வெளியிட்டது. எம். என். சீனிவாஸ் மைசூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றைப் பற்றி எழுதினார். நமக்கு அண்மையிலுள்ள தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றிக் கேத்லீன் கஃப் என்னும் மானிடவியல் அறிஞர் 1952இல் எழுதினார். அவர் 1976இல் மீண்டும் அவ்வூருக்கு வந்து, மாற்றங்களை ஆராய்ந்து, 1981இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். முதற் கட்டுரைக்கும் நூலுக்கும் இடையே 29 ஆண்டுகள்! தாக்கக் காரணியின் கணக்குப்படி அக்கட்டுரையின் ஆயுள் 1954ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அதன்பின் வந்த மேற்கோள் ஒன்றும் இதழின் எண்ணில் ஏறாது.

இன்னும் அருகில் வாருங்கள். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் சிற்றூர்கள் ஆறில் 1979–80ஆம் ஆண்டு ஆய்வாளர் குழு ஒன்று உழவர் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. சுவீடன் நாட்டவரும் நம்மவரும் சேர்ந்த குழு அது. நம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கிய வெங்கடேஷ் ஆத்ரேயா அவருள் ஒருவர். கால் நூற்றாண்டு கழித்து அதே குடும்பங்களைத் தேடிச் சென்று, யார் உயர்ந்தார், யார் தாழ்ந்தார், யார் நிலத்தை விட்டு வேறு தொழிலுக்குச் சென்றார் என்று மீண்டும் கேட்டனர். அதன் முடிவுகள் 2008 நவம்பரில் இவ்வார இதழில் வந்தன. இருபத்தைந்து ஆண்டு காத்திருந்து எழுதிய கட்டுரைக்கு மதிப்பெண் பெற ஈராண்டு தவணை! உயிர் வேதியியலில் ஈராண்டு நீண்ட காலமாக இருக்கலாம். அங்கே ஆய்வுகள் காளான்போல் முளைத்து ஒன்றையொன்று விழுங்குகின்றன. வேளாண் வாழ்வை ஆராய்பவன் இரண்டு நல்ல மழைக்குக்கூட அதற்கு மேல் காத்திருக்க வேண்டியவன்.

இக்குறையை அறிந்தவர்களே ஐந்தாண்டுக் கணக்கு ஒன்றையும் பின்னர் வகுத்தனர். வேறு நிறுவனங்கள் நான்காண்டுக் கணக்கு முதலியவற்றைக் கொண்டுவந்தன. 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலார் வேறொரு வழி சொன்னார். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் பெற்றிருந்தால் எண் பத்து. பதினொன்றாவது எண் வேண்டுமானால் பதினொரு கட்டுரைகள் பதினொரு முறை பெற வேண்டும். ஒரே கட்டுரை ஆயிரம் மேற்கோள் பெற்றாலும் அந்த ஒன்றால் எண் ஒன்றுக்கு மேல் ஏறாது. நல்ல தடுப்புத்தான். ஆனால் வாழ்நாளில் ஒரே பெரும் பணியைச் செய்தவனுக்கு இது இழைக்கும் அநீதியும் சிறிதன்று.

மேற்கோள் எங்கே எண்ணப்படுகிறது என்பதும் கேட்கத்தக்கது. வி. எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் இந்திய வறுமையைப் பற்றி எழுதிய நீண்ட ஆய்வு 1971 சனவரியில் இவ்விதழின் இரண்டு வாரங்களில் வெளிவந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவு என்னும் அடிப்படையில், 1960–61இல் நாட்டுப்புறத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் நகர்ப்புறத்தில் 50 விழுக்காட்டினரும் அதற்குப் போதிய செலவு செய்ய இயலாதவர் என்று அவர்கள் கணக்கிட்டனர். வறுமைக்கோடு என்று நாம் வகுப்பில் சொல்லித் தரும் பாடத்தில் அந்தக் கட்டுரையின் தடம் இருக்கிறது. அரசின் குழுக்கள், செய்தித்தாள்கள், கல்லூரிப் பாடக்குறிப்புகள் என்று அது சென்ற வழிகள் பல. அவ்வழிகளில் எந்தச் சுங்கச்சாவடியிலும் மேற்கோள் அட்டவணைக்காரர் அமர்ந்திருக்கவில்லை. அவர் அமர்ந்திருந்தது தேர்ந்தெடுத்த இதழ்களின் வாயிலில் மட்டுமே. பொருளாதாரமும் அரசியலும் பேரளவில் நூல்களில் வாழும் துறைகள். நூல்களின் அடிக்குறிப்பை எண்ணும் அட்டவணையோ மிகவும் பிந்தி வந்தது. தமிழ் நூலொன்றில் வரும் மேற்கோள் இன்றும் பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை.

அன்றியும், மேற்கோள் எல்லாம் புகழ்மாலை அன்று. 1970களில் இந்திய வேளாண்மையில் முதலாளித்துவம் வளர்ந்துவிட்டதா என்பது பற்றி அசோக் ருத்ரா, உத்சா பட்நாயக் முதலியோர் இவ்விதழில் கடுமையாக வாதிட்டனர். ஒருவரை மறுக்க அவர் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? மறுப்பும் ஒன்று, ஒப்புதலும் ஒன்று என்றே பொறி எண்ணும்.

இவ்வளவும் சொன்னதால் எண்ணுவதே தீது என்று கொள்ளாதீர்கள். மாணவர்களாகிய உங்களுக்கு அதனால் பெரும்பயன் உண்டு. ஒரு பழைய கட்டுரையின் அடிக்குறிப்பு உங்களை அதற்கு முந்திய காலத்திற்கு அழைத்துச் செல்லும். மேற்கோள் அட்டவணையோ பிந்திய காலத்திற்கு அழைத்துச் செல்லும். கணிப்பொறியில் கூகுள் ஸ்காலர் தளத்தில் கட்டுரையின் பெயரை இட்டு, அதனை மேற்கோள் காட்டியவை எவை என்று பாருங்கள். ஒரு கருத்தின் மக்களையும் பேரர்களையும் காண்பீர்கள்.

தீமை, தூக்குக்கல்லைத் தவறான தட்டில் வைப்பதில் தொடங்குகிறது. இதழின் எண் ஒரு சராசரி. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு முருகனுக்குக் கணக்கு வருமா என்று சொல்ல முடியுமா? பெரும்பாலான இதழ்களில் சில கட்டுரைகளே மேற்கோள்களில் பெரும்பகுதியை ஈட்டுகின்றன. எஞ்சியவை அவற்றின் நிழலில் நிற்கின்றன. அவ்வாறிருந்தும், பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறையில், ஆசிரியரின் கட்டுரைக்கு உரிய மதிப்பெண்ணோடு, இதழின் தாக்கக் காரணி 1க்குக் குறைவானால் 10, 1 முதல் 2 வரையானால் 15, 2 முதல் 5 வரையானால் 20 என்று கூடுதல் புள்ளிகள் வகுக்கப்பட்டன. கட்டுரையைப் படித்துப் பார்க்க நேரமில்லாதவருக்கு அட்டையைப் பார்த்தால் போதும் என்றாயிற்று.

எண்ணுக்கு விலை வந்ததும் எண்ணைச் செய்யும் தொழிலும் வந்துவிடும். கட்டுரை வெளிவர வேண்டுமானால் எம் இதழின் பழைய கட்டுரைகளை இன்னும் சிலவற்றை மேற்கோள் காட்டுக என்று வற்புறுத்தும் பதிப்பாசிரியர்கள் உண்டு. பொருளாதாரம், சமூகவியல், உளவியல், வணிகவியல் துறைகளைச் சேர்ந்த அமெரிக்க அறிஞர் பல்லாயிரவரிடம் கேட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமக்கு அத்தகைய வற்புறுத்தல் நேர்ந்ததாகச் சொன்னார்கள். அதே 2012இல் சான்பிரான்சிஸ்கோ நகரிற் கூடிய அறிவியலார் சிலர், தனி மனிதரின் பணியை இதழின் எண்ணால் மதிப்பிடலாகாது என்று ஓர் அறிக்கை உருவாக்கினர். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன.

சில வாரங்கள் கழித்து என் மாணவி மீண்டும் வந்தாள். நான் படித்தவற்றைச் சொன்னேன். பள்ளியில் நான் செய்ததையும் மறைக்காமற் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் அவளுடைய கையெழுத்துப் படியை வாங்கி, கையிற் பென்சிலுடன் அதன் அடிக்குறிப்புகளைப் பார்த்தேன். ஈராண்டுக்குள் வெளிவந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. கஃப் அம்மையாரின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரை முதற் பக்கத்திலேயே இருந்தது.

“அவருடைய கட்டுரை எழுபது ஆண்டு கழித்து உனக்குத் தேவைப்பட்டிருக்கிறதே அம்மா. அப்போது அவர் எந்த இதழின் எண்ணைப் பார்த்து எழுதினார்?” என்றேன்.

சிரித்தாள். “பதவி உயர்வு தள்ளிப்போகும், ஐயா. அதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை. அவளுக்கு இரண்டு குழந்தைகள். வீட்டுக் கடனும் உண்டு.

ஆனால் படியின் மூன்றாம் அட்டவணையில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினேன். களத்தில் வேலை செய்யும் பெண்களின் சராசரி வருமானம் அங்கே இருந்தது. ஆலைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களைக் கொண்டு வகுத்திருந்தாள். “பதிவேட்டில் இல்லாமல், வெயில் உள்ள நாளில் மட்டும் வந்து நெல் கிண்டிவிட்டுப் போகிறவர்கள் பகுதியில் இருக்கிறார்களா?” என்று கேட்டேன். தாளை வாங்கிச் சற்றுநேரம் பார்த்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு, வேலைக்கு ஆள் கூடும் வேளையில், களத்து வாயிலில் குறிப்பேட்டுடன் நின்றுகொண்டிருந்தாள் என்று பால்காரர் வந்து சொன்னார்.